சுருங்கும் துணியில் வரைவது: பட்டும் கம்பளியும் இணைந்த ஃபெல்ட் சுவர்ப்படைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தறியில் நெய்த துணி, நெய்த அளவிலேயே ஏறத்தாழக் கைக்கு வந்துசேரும். ஃபெல்ட் அப்படி வராது. ஆட்டு ரோமத்தின் இழைகளை மேசையில் பரப்பி, சோப்பு நீரில் நனைத்து, தேய்த்தும் உருட்டியும் இறுக்கும்போது, பரப்பிய அளவில் பாதிக்கும் குறைவான பரப்பே இறுதியில் எஞ்சும். அறிமுகக் குறிப்புகள் பலவும் இதைச் சமாளிக்க வேண்டிய ஓர் இடையூறாகச் சொல்லிவிட்டுக் கடந்து செல்கின்றன. ஆனால் ஃபெல்ட்டைக் கலையாகச் செய்பவருக்குச் சுருக்கமே முதன்மைக் கருவி. எந்த இடம் எவ்வளவு சுருங்க வேண்டும், எந்தத் திசையில் சுருங்க வேண்டும், எந்த இடம் தான் சுருங்காமல் நின்று பக்கத்து இடத்தின் இழுப்பால் மேலெழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் இக்கலையில் வரைவது.

அந்தத் தீர்மானத்தை மிகத் தெளிவாகக் கற்றுத்தருவது நூனோ ஃபெல்ட் என்னும் முறை. மெல்லிய பட்டுத்துணியின்மேல் கம்பளி இழைகளைப் பரப்பி, அவற்றைத் துணியின் இடைவெளிகள் வழியே ஊடுருவச் செய்து, பிறகு சுருக்குவது இதன் சாரம். கம்பளி சுருங்கும், பட்டு சுருங்காது. இந்த முரணிலிருந்து மேடும் பள்ளமும் கொண்ட மேற்பரப்பு பிறக்கிறது. 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு சுவர்ப்படைப்பை இம்முறையில் முதலிலிருந்து கடைசிவரை செய்து முடிப்பது எப்படி என்பதை இவ்வழிகாட்டி விளக்குகிறது.

பின்னணி

ஃபெல்ட் மிகப் பழைய துணி. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் உள்ள பசிரிக் கல்லறை மேடுகளில், நிலத்தடிப் பனியில் உறைந்து, கி.மு. 5 முதல் 3 வரையிலான நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஃபெல்ட் துணிகள் நிறம் குன்றாமல் கிடைத்தன. இவற்றுள் அமர்ந்திருக்கும் ஒரு பெண் தெய்வமும் அவள்முன் குதிரை வீரனும் மீண்டும் மீண்டும் வரும் மாபெரும் தொங்கல் ஒன்று, புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மங்கோலிய நாடோடிகளின் வட்டக் கூடாரங்களைப் போர்த்துவதும், காஷ்மீரில் நம்தா என்ற பெயரில் சங்கிலித் தையல் பூவேலையுடன் தரையில் விரிக்கப்படுவதும் ஃபெல்ட்தான். கிர்கிஸ் மக்களின் அலாகீஸ், ஷிர்தக் விரிப்புக் கலைகளை 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நவீன ஓவிய, சிற்ப உலகில் ஃபெல்ட் முதலில் ஆயத்தப் பொருளாக நுழைந்தது. ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பொய்ஸ் 1966இல் ஒரு பெரிய பியானோவை முழுவதும் சாம்பல்நிற ஃபெல்ட்டால் போர்த்தினார். 1970இல் ஃபெல்ட்டால் தைத்த ஓர் உடுப்பையே கலைப்படைப்பாக வெளியிட்டார். அமெரிக்கரான ராபர்ட் மாரிஸ் 1967 முதல் தடித்த ஆலை ஃபெல்ட்டை நீளநீளமாக வெட்டிச் சுவரில் தொங்கவிட்டு, தன் எடையால் அது எடுக்கும் வடிவத்தைச் சிற்பமாக்கினார். இருவருமே ஆலையில் செய்த ஃபெல்ட்டைத்தான் பயன்படுத்தினர். துணியையும் உருவத்தையும் ஒரே செயலில் ஒருசேரப் பிறப்பிக்கும் இன்றைய ஃபெல்ட் கலைக்கு வேறொரு வழித்தடம் உண்டு. துருக்கியிலும் ஈரானிலும் பயணம் செய்து ஃபெல்ட் கைவினையைத் திரட்டிய மேரி பர்கெட், 1979இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் உள்ள அபட் ஹால் கலைக்கூடத்தில் அதற்கென்றே ஒரு கண்காட்சி அமைத்தார். அந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாக 1984இல் சர்வதேச ஃபெல்ட் கலைஞர் சங்கம் பிரிட்டனில் உருவாயிற்று. நூனோ முறை 1990களின் முற்பகுதியில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாலி ஸ்டெர்லிங்கும் அவருடன் பணியாற்றிய சச்சிகோ கொடாகாவும் செய்த சோதனைகளில் உருப்பெற்றது. கனமான ஃபெல்ட், வெப்பமான அந்த நிலத்தில் உடுத்த ஏற்றதாக இல்லை; மெல்லிய துணியை உட்கொண்டபோது குறைந்த கம்பளியிலேயே உறுதியும் நெகிழ்வும் கிடைத்தன. இன்று நெதர்லாந்தின் கிளாடி யோங்ஸ்ட்ரா தாமே வளர்க்கும் டிரெந்தெ ஹீத் ஆடுகளின் ரோமத்தைக் கொண்டு கட்டடச் சுவர்களை நிறைக்கும் படைப்புகளைச் செய்கிறார். அமெரிக்கரான ஜானிஸ் ஆர்னால்ட் 2009இல் நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிக் கூடத்தையே ஃபெல்ட்டால் கூடாரமாக்கினார்.

இழை ஏன் பிணைகிறது

செயல்முறையில் வரும் ஒவ்வோர் அறிவுரைக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால், அதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. கம்பளி இழையின் மேற்புறம் நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. அச்செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதால், இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும், எதிர்ப்பக்கமாக நகரத் தடைப்படும். ஈரமும் காரத்தன்மையுள்ள சோப்பும் இழையை உப்பச்செய்து நெகிழ்த்துகின்றன. அந்நிலையில் அழுத்தியும் அசைத்தும் வந்தால், ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக முன்னேறிப் பக்கத்து இழைகளுக்குள் நுழைகிறது. பின்வாங்க இயலாததால் சிக்கு இறுகிக்கொண்டே போகிறது. பட்டுக்கு இத்தகைய செதில்கள் இல்லை. ஆகவே அது தானாக இறுகாது, தன் வழியே நுழைந்த கம்பளியின் பிடியில் சிக்கிக்கொள்ள மட்டுமே செய்யும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் கிடைக்கின்றன. இழைகள் நகரத் தொடங்கும்முன் வெப்பமோ முரட்டுத் தேய்ப்போ கொடுத்தால், கம்பளி தனக்குள்ளேயே பிணைந்துகொண்டு பட்டுக்குள் நுழையாமல் நின்றுவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிக்கப்பட்டு விற்கப்படும் கம்பளியின் செதில்கள் குளோரினாலும் பிசினாலும் மழுங்கடிக்கப்பட்டவை. அது எவ்வளவு உருட்டினாலும் ஃபெல்ட் ஆகாது.

கம்பளியும் துணியும்

இந்தப் படைப்புக்கு, மெரினோ என்ற ஆட்டினத்தின், இழைப் பருமன் 18 முதல் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான கம்பளியே ஏற்றது. சீவி ஒருபோக்காக்கிய நீண்ட பட்டையாக, மெரினோ டாப்ஸ் என்ற பெயரில் இது கைவினைப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் நுண்ணிய ரோமம் தரும் இனம் நீலகிரி ஆடு ஒன்றே. கோயம்புத்தூர் நாட்டு ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்கள் கலந்து உருவான அதன் ரோமம் சுமார் 27 மைக்ரான் பருமன் கொண்டது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணிவருகிறது. அந்த ரோமம் தனி ஃபெல்ட்டுக்குப் பொருத்தமானது; ஆனால் நெருக்கமான பட்டின் இடைவெளிகளில் நுழைய அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால் முதல் நூனோ படைப்பை மெரினோவில் செய்வதே நல்லது.

துணியைத் தேர்வதற்கு எளிய சோதனை ஒன்று போதும்: துணியை உதட்டருகே பிடித்து ஊதும்போது காற்று தடையின்றி மறுபக்கம் சென்றால், இழையும் செல்லும். 5 மொம்மே (பட்டுத்துணியின் கனத்தைக் குறிக்கும் அளவு) கனமுள்ள பட்டு சிஃபான் மிகச் சிறந்தது. பட்டு ஜார்ஜெட்டும் மல்மல் பருத்தியும் நன்றாகவே பிடிக்கும். வீட்டில் இருக்கும் பழைய பட்டு சிஃபான் சேலை இதற்கு அருமையான மூலப்பொருள். காஞ்சிபுரம் பட்டு இதற்கு உதவாது. அதன் நெசவு மிக நெருக்கமானது, சரிகை இழையை வழிமறிக்கும். வாங்கிய துணி எதுவானாலும் கஞ்சியும் பூச்சும் போக ஒருமுறை அலசி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மற்றவை பெரும்பாலும் வீட்டிலேயே உள்ளவை: பபிள் ராப் தாள், கொசுவலைத் துண்டு, ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள பி.வி.சி. குழாய், கட்டுவதற்குத் துணிப்பட்டைகள், பழைய துண்டுகள், நீர் தெளிக்கும் புட்டி, கிராம் அளவில் நிறுக்கும் சமையலறைத் தராசு. சோப்பு ஆலிவ் எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ செய்த சாதாரணக் கட்டிச் சோப்பாக இருக்கட்டும். என்சைம் கலந்த சலவைத்தூளைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் புரதக் கறையைக் கரைக்கும் அந்த என்சைம் புரதத்தாலான கம்பளியையும் பட்டையும் அரிக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோய் இழைகளில் படியும் என்பதால், அத்தகைய ஊர்களில் மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துவது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

மாதிரித் துண்டும் கணக்கும்

மாதிரி செய்யாமல் பெரிய படைப்பில் இறங்கக் கூடாது. இந்த ஒரு படியைத் தாண்டிச் செல்பவர்களின் படைப்புகள், எவ்வளவு அழகாகப் பரப்பப்பட்டிருந்தாலும், இறுதியில் தற்செயலின் கையிலேயே இருக்கும்.

பட்டில் 25 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, அதன்மேல் சரியாக 6 கிராம் கம்பளியை மெல்லிய இரண்டு அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பரப்ப வேண்டும். கீழே விவரிக்கும் எல்லாப் படிகளையும் அந்தச் சதுரத்தில் செய்து முடித்து, உலர்த்தி, அளக்க வேண்டும். 25 செ.மீ. பக்கம் 15 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 40 விழுக்காடு. எஞ்சிய விகிதம் 0.6. வேண்டிய இறுதி அளவை இந்த விகிதத்தால் வகுத்தால் பரப்ப வேண்டிய அளவு கிடைக்கும். 60ஐ 0.6ஆல் வகுத்தால் 100; 90ஐ 0.6ஆல் வகுத்தால் 150. ஆக, 100 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் பரப்ப வேண்டும். அந்தப் பரப்பு மாதிரியைப் போல 24 மடங்கு என்பதால், கம்பளி 24ஐ 6ஆல் பெருக்கிய 144 கிராம். பட்டின் எடையையும் சேர்த்தாலும் முடிந்த படைப்பு 180 கிராமைத் தாண்டாது.

மாதிரியின் இரு பக்கங்களும் ஒரே அளவில் சுருங்காமலும் போகலாம். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 16 என்று வந்தால், அந்தந்தத் திசைக்கு அந்தந்த விகிதத்தையே பயன்படுத்த வேண்டும். சராசரி எடுப்பது தவறு. மாதிரித் துண்டின் பின்புறம் துணி, கம்பளி, எடை, சுருக்கம், உருட்டிய எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் தைத்து வைத்துக்கொண்டால், நாளடைவில் அச்சீட்டுகளே சொந்தப் பாடநூலாகிவிடும்.

வரைவைத் திட்டமிடுதல்

படைப்பின் கலைத்தன்மை முடிவாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நிறத்தைத் தேர்வதற்கு முன்பே மேற்பரப்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். நூனோவில் மூன்று வகை மேற்பரப்புகள் கைவசம் உள்ளன.

கம்பளி தொடர்ச்சியாகப் பரவிய இடம் இறுகித் தட்டையாகும். அங்கே பட்டு நுண்ணிய மணல்போன்ற சொரசொரப்பாக மட்டுமே தெரியும். கம்பளியைக் கோடுகளாகவோ வலையாகவோ இட்டு இடையில் பட்டுத்துணியை வெறுமையாக விட்ட இடத்தில், கோடுகள் சுருங்கி நெருங்க, இடைப்பட்ட பட்டு வரிவரியாக மேலெழும். பெரிய திறப்பாக விட்ட இடத்தில் பட்டு குமிழாக எழும்பும். இதையும் கணக்கிடலாம்: 10 செ.மீ. அகலமுள்ள வெற்றுப் பட்டுச் சாளரத்தைச் சுற்றியுள்ள கம்பளிச் சட்டம் 40 விழுக்காடு சுருங்கினால், சாளரம் 6 செ.மீ. ஆகும், பட்டின் எஞ்சிய 4 செ.மீ. மடிப்பாக மேலே வந்தே தீரும். 3 அல்லது 4 செ.மீ. திறப்புகள் கூர்மையான வரிகளைத் தருகின்றன. 10 செ.மீ.க்கு மேற்பட்ட திறப்புகளில் பட்டு தளர்ந்து பைபோலத் தொங்கத் தொடங்குவதால், அவற்றை மிக அரிதாகவே பயன்படுத்துவது என் கருத்தில் நல்லது.

இன்னும் இரண்டு விதிகளை மனத்தில் கொள்ள வேண்டும். மெல்லிதாகப் பரப்பிய கம்பளி அதிகமாகவும், கனமாகப் பரப்பியது குறைவாகவும் சுருங்கும். கனமான பகுதியும் மெல்லிய பகுதியும் அருகருகே இருந்தால் அவற்றின் எல்லை அலைபாயும். அந்த அலை விரும்பி வரைந்ததாக இருந்தால் அழகு, கவனக்குறைவாக வந்ததாக இருந்தால் குறை. அடுத்து, ஒரே திசையில் பரப்பிய இழைகள் அந்தத் திசையில் கூடுதலாகச் சுருங்கும். எனவே இழையின் போக்கும் ஒரு தூரிகைத் தீற்றல்தான்.

இந்தப் படைப்புக்கு ஓர் அமைப்பைப் பரிந்துரைக்கிறேன். கீழ் மூன்றிலொரு பகுதியில் கம்பளியைத் தொடர்ச்சியாக, அடர்நிறத்தில் இரு அடுக்குகளாகப் பரப்பலாம். நடுப்பகுதியில் 4 செ.மீ. அகலக் கம்பளிப் பட்டைகளை 3 செ.மீ. இடைவெளிவிட்டுக் கிடையாக இடலாம். இவற்றைச் செங்குத்தாக இணைக்கச் சில மெல்லிய கோடுகள் வேண்டும், இல்லையெனில் அப்பகுதி ஒரு திசையில் மட்டுமே இழுபடும். மேல்பகுதியில் 6 செ.மீ. அளவிலான வட்டத் திறப்புகள் சிலவற்றை ஒழுங்கின்றிச் சிதறவிடலாம். கீழிருந்து மேலாகக் கனம் குறைந்து, அசைவு கூடும் இந்த அமைப்பில் மூன்று மேற்பரப்புகளையும் ஒரே துணியில் ஒப்பிட்டுக் காண முடியும். திறப்புகள் அதிகமாக உள்ள மேல்பகுதியின் சுருக்கம் வேறுபடக்கூடும் என்பதால், அதற்குத் தனி மாதிரி ஒன்று செய்வது வீண்வேலை ஆகாது. திறப்பும் இடைவெளியும் விட்ட அளவுக்குக் கம்பளி மிஞ்சும். 144 கிராம் என்பது உச்ச அளவு.

நிறத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். கம்பளியும் பட்டும் புரத இழைகள் ஆதலால் ஒரே அமிலச் சாயத்தொட்டியில் இரண்டையும் தோய்க்கலாம். இரண்டிலும் நிறச்சாயல் சற்று மாறுபட்டு வரும். சாயமிடும்போது வெப்பத்தை மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும், கிளறவே கூடாது. அல்லாவிடில் கம்பளி தொட்டியிலேயே ஃபெல்ட் ஆகிவிடும். வெவ்வேறு நிறக் கம்பளிகள் பிணையும்போது கலந்து இடைநிறம் தோன்றும் என்பதையும், பட்டின் நிறம் கம்பளி ஊடுருவும்போது மங்கும் என்பதையும் மாதிரியில் கண்டுகொள்ளலாம்.

பரப்புதல்

மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் குமிழிகள் மேல்நோக்கியிருக்குமாறு பபிள் ராப், அதன்மேல் பட்டு என்ற வரிசையில் விரித்து, 100க்கு 150 செ.மீ. எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டின்மேல் மெல்ல நீரைத் தெளித்துச் சுருக்கமின்றிப் படியவைத்தால் வேலையின்போது அது நகராது.

கம்பளிப் பட்டையை ஒரு கையால் நுனியிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மறுகையின் விரல்களுக்கும் உள்ளங்கையின் அடிப்பகுதிக்கும் இடையில் நுனியைக் கவ்வி, மெதுவாக இழுக்க வேண்டும். இரு கைகளும் நெருங்கி இருந்தால் இழைகள் இரு முனைகளிலும் பிடிபட்டு வராது. வன்மையாக இழுத்தால் கட்டியாக வரும். இழுத்த கற்றை வழியே மேசையின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். ஓடு வேய்வதைப் போல ஒவ்வொரு கற்றையும் முந்தியதன் மூன்றிலொரு பங்கை மூடுமாறு வரிசையாக வைத்துச் செல்ல வேண்டும். முதல் அடுக்கு முழுவதும் ஒரு திசையில் முடிந்தபின், இரண்டாவது அடுக்கை அதற்குக் குறுக்காக இட வேண்டும்.

கம்பளியைத் தொடக்கத்திலேயே பகுதி பகுதியாக நிறுத்துப் பிரித்து வைத்துக்கொள்வது இங்கே பேருதவி. கீழ்ப்பகுதிக்கு உரிய கம்பளியை இரண்டாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தினால், கண்ணளவால் வரும் ஏற்றத்தாழ்வு தவிர்க்கப்படும். பரப்பி முடித்த பிறகு இரு கைகளையும் விரித்துக் கம்பளியின்மேல் மெல்ல வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். மெலிந்த இடங்கள் கண்ணுக்குத் தெரிவதற்குமுன் உள்ளங்கைக்குத் தெரியும்.

கூர்மையான விளிம்புள்ள வடிவங்கள் வேண்டுமென்றால் அவற்றைத் தளர்ந்த கம்பளியில் செய்ய முடியாது, எல்லை கலைந்துவிடும். பாதி மட்டும் இறுகிய மெல்லிய ஃபெல்ட்டை முன்கூட்டியே செய்து, கத்தரியால் வெட்டி, மேலே வைக்க வேண்டும். பட்டு இழைகளையோ பருத்தி நூலையோ மேலே அலங்காரமாக இட்டால், அவற்றின்மீது ஆங்காங்கே மெரினோவின் சிலந்திநூல் போன்ற படலத்தைப் போர்த்த வேண்டும், ஏனெனில் அவை தாமாக ஒட்டிக்கொள்ளா.

நனைத்தல்

ஒரு மேசைக்கரண்டி அளவு துருவிய சோப்பை ஒரு லிட்டர் சூடான நீரில் கரைத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும். பரப்பிய கம்பளியைக் கொசுவலையால் மூடி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இந்நீரைத் தெளித்து, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிய இடத்தில் கம்பளி மேடாக நிற்கும். அது படியும்வரை அழுத்த வேண்டும். நீர் தேங்கி நின்றால் துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும், ஏனெனில் மிதக்கும் இழைகள் ஒன்றையொன்று உரசுவதில்லை. நுரை மிகுந்தாலும் இதே தடைதான்.

வலையின்மேல் சோப்புக் கட்டியை ஒருமுறை ஓட்டி, விரல்களைத் தட்டையாக வைத்து, பத்து நிமிடம்போல மிக மெல்லிய வட்டங்களாகத் தடவ வேண்டும். பிறகு வலையை ஓரத்திலிருந்து கவனமாக உரிக்க வேண்டும். சில இழைகள் அதனூடே வந்திருந்தால் விரலால் பிடித்துக்கொண்டு உரிக்கலாம். இந்த நிலையில் விளிம்புகளைச் சீர்செய்து, திறப்புகளுக்குள் நழுவிய இழைகளை ஈரவிரலால் திருப்பி ஒதுக்குவது எளிது. பின்னர் அது இயலாது.

உருட்டுதல்

மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, குழாயின்மீது பபிள் ராப்புடன் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, துண்டால் போர்த்தி, மூன்று இடங்களில் துணிப்பட்டையால் கட்ட வேண்டும். முன்கையால் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும்; முதல் நூறு முறை கையின் எடை மட்டும் போதும். நூறு உருட்டலுக்கு ஒருமுறை விரித்து, உண்டான மடிப்புகளை இழுத்துச் சரிசெய்து, எதிர்முனையிலிருந்து மீண்டும் சுருட்டி உருட்ட வேண்டும். இவ்வாறு நான்கு பக்கங்களிலிருந்தும், பிறகு துணியைப் புரட்டிப்போட்டு மீண்டும் நான்கு பக்கங்களிலிருந்தும் செய்ய வேண்டும்.

பக்கம் மாற்றுவதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. உருளையைச் சுற்றிச் செல்லும் திசையில்தான் துணி அதிகம் சுருங்குகிறது. உருளையின் நீளவாக்கில் குறைவாகவே சுருங்குகிறது. எல்லாத் திசைகளிலும் சமமாக உருட்டினால் மாதிரியின் விகிதம் காக்கப்படும். பின்னர், ஒரு திசையில் மட்டும் குறுக்க வேண்டியிருக்கும்போது, இதே இயல்பு நம் கையில் ஒரு கருவியாகும்.

பட்டின் மறுபுறத்தில் நுண்ணிய ரோமப்பூச்சுப்போல இழைகள் தெரியத் தொடங்குவதுதான் ஊடுருவலின் அறிகுறி. பட்டுத்துணியை மட்டும் இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். அது கம்பளியிலிருந்து கூடாரம்போலப் பிரிந்து எழுந்தால் ஊடுருவல் போதவில்லை. கம்பளியையும் உடன் இழுத்துக்கொண்டு எழுந்தால் அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம். மொத்தம் 600 முதல் 800 உருட்டல்கள் ஆகலாம். அதுவரை வெந்நீரைத் தொடக் கூடாது. கம்பளி தனிப்படலமாகவும் பட்டு தனித்துணியாகவும் பிரிந்து நிற்கும் நூனோ துண்டுகளுக்குப் பெரும்பாலும் இங்கே காட்டிய அவசரமே காரணம், இறுகிவிட்ட பிறகு அதற்கு மாற்றும் இல்லை; பிரிந்த இடங்களைத் தையலால் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இறுக்குதல்

இப்போதுதான் வெப்பம் வருகிறது. துணியைச் சேர்த்தெடுத்து, கை பொறுக்கும் சூட்டிலான சோப்பு நீரில் முக்கி, மெல்லப் பிழிந்து, முழங்கை உயரத்திலிருந்து மேசையில் தளர்வாகப் போட வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு சற்று வலுவாக. பத்துப் பதினைந்து முறை போட்டவுடன் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் மடிந்த நிலையிலேயே தொடர்ந்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில சுற்றுகளிலேயே பட்டு வரிவரியாக எழும்புவதையும், மேல்பகுதியின் வட்டங்கள் குமிழ்வதையும் காணலாம். பல மணிநேரம் தட்டையாகக் கிடந்த துணி கண்முன்னே உடல்பெறும் இந்தக் கட்டம், ஃபெல்ட் வேலையில் எனக்கு மிகப் பிரியமானது.

மகிழ்ச்சியில் கையை விட்டுவிடாமல், இங்கிருந்து அளவுகோலை அருகில் வைத்துக்கொண்டே செல்ல வேண்டும். சுருக்கம் தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் நிகழும். அகலம் 64, உயரம் 92 என்று வந்துவிட்டால், எறிவதை நிறுத்தி, அகலம் உருளையைச் சுற்றிவருமாறு சுருட்டி உருட்டினால் அகலம் மட்டும் குறையும். ஓரிடம் மட்டும் தளர்ந்திருந்தால், அவ்விடத்தில் சோப்பிட்டு, மூங்கில் பாயின்மீதோ சலவைப் பலகையின்மீதோ வைத்து, எந்தத் திசையில் குறுக வேண்டுமோ அந்தத் திசையில் தேய்க்க வேண்டும். விளிம்புகளை இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டினால் உறுதிப்படும். கம்பளிப் பகுதியை விரலால் கிள்ளும்போது தனியிழைகள் தூக்கிவராமல் துணி முழுதாக எழுந்தால், போதிய அளவு இறுகிவிட்டது என்று பொருள்.

பின்னர் நீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கடைசி அலசலுக்கு முன், 5 லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கால்மணிநேரம் ஊறவைத்தால், எஞ்சிய காரம் நீங்கும். காரம் தங்கிய கம்பளி காலப்போக்கில் முறுகி வலுவிழக்கும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, சமதளத்தில் விரித்து, நான்கு மூலைகளையும் செங்கோணமாக இழுத்து நிறுத்தி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்த வேண்டும். தட்டையான கீழ்ப்பகுதியை மட்டும் ஈரமாக இருக்கும்போதே துணி போர்த்தித் தேய்க்கலாம். வரிகளும் குமிழ்களும் உள்ள பகுதியில் இஸ்திரிப்பெட்டி படவே கூடாது. விரல்களாலேயே அவற்றை நிமிர்த்தி வடிவம் கொடுத்து, அப்படியே உலரவிட வேண்டும்.

சுவரில் ஏற்றுவதும் பேணுவதும்

உலர்ந்தபின் படைப்பை ஒரு நாள் தற்காலிகமாகத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே இறுதி வேலைகளைத் தீர்மானிப்பது நல்லது. கூடுதல் கோடு தேவைப்படும் இடத்தில் ஓட்டுத் தையல் இடலாம். ஃபெல்ட்டின் விளிம்பு பிரியாது என்பதால் கத்தரித்தும் திருத்தலாம், ஆனால் வெட்டிய விளிம்பைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு மீண்டும் தேய்த்து இறுக்கிவிட வேண்டும்.

மேல்விளிம்பில் ஆணியடித்தோ கிளிப் மாட்டியோ தொங்கவிட்டால் எடை சில புள்ளிகளில் குவிந்து மேல்விளிம்பு நெளியும். பின்புறத்தில் மேல்விளிம்பின் முழு நீளத்துக்கும் 5 செ.மீ. அகலப் பருத்தித் துணியைக் குழல்போலத் தைத்து, அதனுள் மெல்லிய மரச்சட்டத்தைச் செருக வேண்டும். தையல் பட்டின் முகப்பில் தெரியாமல் கம்பளிக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் மேடுபள்ளங்களில் விழும் நிழல்தான் இப்படைப்பின் பாதி. பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் வரிகள் ஆழமாகத் தெரியும். ஆனால் நேரடி வெயில் பட்டையும் சாயத்தையும் விரைவில் கெடுக்கும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியை மட்டுமே அனுமதிப்பதற்கும் அதுவே காரணம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் கம்பளிக்கு முதற்பகை அந்துப்பூச்சி. அதன் புழுக்கள் இருளிலும் அசைவற்ற மடிப்புகளிலும் வாழ்ந்து, கம்பளியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்னும். மாதம் ஒருமுறை படைப்பை இறக்கி, பின்புறத்தையும் குமிழ்களின் உட்புறத்தையும் மென்தூரிகையால் துடைத்து, வெளிச்சத்தில் உதறினால் பெரும்பாலும் அவை அண்டுவதில்லை. அரிப்பு கண்ணில் பட்டால், படைப்பைப் பாலித்தீன் பையில் காற்று நீக்கி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுக்க வேண்டும். வெளியே எடுத்தபின் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை அதைத் திறக்காதிருந்தால் துணியின்மேல் ஈரம் படியாது. சுருட்டி வைக்க நேர்ந்தால், மேடுகள் நசுங்காதவாறு முகப்பு வெளிப்புறமாக இருக்கும்படி, பருத்தித் துணி போர்த்திய அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டி வைக்க வேண்டும்.